பஸ்ஸில் வந்த கூட்டம்

அக்கா என்று யாரோ கூப்பிட்டதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பிதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நகராட்சித் தலைவரும் விருந்தினர்களும்.

இவன் எங்கே இங்கே வந்து தொலைத்தான்?

அவள் நகராட்சியின் கடைவீதி வளர்ச்சிப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். பெயர்தான் வளர்ச்சி. புறநகரில் ஆசை ஆசையாகக் கட்டிய அந்த வீதியில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் திறந்ததே இல்லை. மீதிக் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்று முதலீட்டாளர்கள் பார்வையிட வருகிறார்கள். காலிக் கடைகளைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். யோசனை தலைவருடையது. நடத்திக் காட்டியது அவள்.

பூட்டிக் கிடந்த கடைகளைக் கழுவி விளக்குப் போட்டாள். அலமாரிகளில் வெறும் அட்டைப்பெட்டிகளை அடுக்கினாள். ஊழியர்களின் குடும்பங்களை பஸ் வைத்து அழைத்துவந்து, ஆளுக்கொரு பை கொடுத்து, மேலும் கீழும் நடக்கவிட்டாள். பைக்குள் பழைய செய்தித்தாள். குடிநீர்ப் பிரிவு மேஸ்திரியின் மனைவி ஒரு படி மேலே போய், காலிப் பெட்டிக்கு விடாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்தே அவளுக்கு மனசு உறுத்தியது. ஏமாறப்போவது பணக்காரர்கள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தம்பி டவுனில் ஒரு ஷூ கடையில் வேலை பார்க்கிறான். வருகிறவர் போகிறவர் காலடியில் மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி தேய்ந்தவன். சொந்தமாகக் கடை போட வேண்டும், அதுவும் இந்த வீதியில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அங்கே ஒரு காக்கா குருவிகூட எட்டிப் பார்க்காது, இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு நடுத்தெருவில் நிற்காதே என்று ஒவ்வொரு முறையும் தடுத்தவள் அவள்தான். அக்கா பேச்சைத் தட்டாத பிள்ளை. பேசாமல் போய்விடுவான்.

இன்று இந்தப் பக்கமாக வண்டியில் போனவன், கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டான். மூலைக் கடை இன்னும் காலியா என்று விசாரித்திருக்கிறான். விசாரித்தது தலைவரிடமே. அவருக்குக் கேட்கவா வேண்டும்? எங்கள் வீதியை நம்பி வந்த இளைஞர் என்று விருந்தினர்களிடம் அவனைக் காட்டிக் காட்டிப் பேசினார். சாவி அதற்குள் அவன் கையில்.

"முதலாளிக்கு இப்பவே போன் போட்டு வேலைய விடறேன்னு சொல்லிடவாக்கா? இந்தக் கூட்டம் எப்பவும் இருக்கும்ல?"

தலைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதாக நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

இருக்காதுடா என்று ஒரு வார்த்தை போதும். இவன் என் தம்பி, இவனையாவது விட்டுவிடுங்கள் என்று அலற வேண்டும்போல் இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள்.

விருந்தினர்கள் கைதட்டினார்கள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அவளும் தட்டினாள்.

தம்பி சற்றுத் தள்ளிப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசினான். முதலாளி, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. அவன் கோபப்படவில்லை.

"இல்ல சார், நல்லா யோசிச்சிட்டேன். இத்தன நாளா வேண்டாம் வேண்டாம்னு சொன்ன எங்கக்காவே இப்ப சரின்னு சொல்லிட்டாங்க."