நகுலேஸ்வரியின் நித்திரை

லண்டனில், பெரிய பூங்கா ஒன்றை ஒட்டிய வீடு. காலைத் தேநீர் குடித்தபடி நகுலேஸ்வரி கணவர் கணேசலிங்கத்திடம் சொன்னாள்:

"ஊரிலை சண்டை நேரம் சுட்ட துவக்குச் சத்தம் இப்பவும் கனவிலை வருது. ஆனா வெளிச்சம் மின்னுறேல்லை. தூரத்திலை ஆரோ தலையணையைத் தட்டுற மாதிரித்தான் கேக்குது."

அவள் உள்ளே போனதும், இரவு வேலை முடிந்து வந்திருந்த மகள் லோஜினியிடம் அவர் திரும்பினார்.

"அம்மாவுக்குக் கேக்குது பிள்ளை."

லோஜினியின் முகம் வாடியது. பூங்காவில் அளவுக்கு மீறிப் பெருகிய மான்களை இரவில் சுடுவதுதான் அவள் வேலை. அதைத் தாயிடம் மட்டும் மறைத்திருந்தாள்.

"துவக்கிலை சைலன்சர் பூட்டினால் நெருப்புத் தெரியாது, சத்தமும் குறையும் அப்பா. ஆனா முழுக்க இல்லாமல் போகாது. வேலையை விடட்டோ?"

"விடாதை," என்றாள் கதவருகே வந்து நின்ற நகுலேஸ்வரி. "சுடுறது நீ எண்டு எனக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்ச பிறகுதான் நான் பயமில்லாமல் நித்திரை கொள்ளுறன்."