யாருக்குப் போட்டீங்க?

பெட்டியும் கையுமாக அவள் படியேறி வருவதைப் பார்த்துக் கடிகாரக்காரரின் மனைவி சிரித்துவிட்டாள். "இந்தத் தடவை எந்த ஊரு? அதான் தேர்தல் முடிஞ்சுபோச்சே."

ஒரு வருடமாக அந்தப் பெட்டியோடுதான் அவள் மாநிலம் முழுக்கச் சுற்றினாள். சம்பளம் கிடையாது, வேளைக்குச் சோறும் கிடையாது. கல்லூரி வாசல், சந்தை, ஆலை கேட் என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் ஓட்டுப் போடுங்கள் என்று தொண்டை வற்றப் பேசினாள். யாருக்கு என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

யாருக்குப் போட்டீர்கள் என்று யார் கேட்டாலும், கட்டிய கணவனே கேட்டாலும், வாய் திறக்காதீர்கள் என்று முடிப்பாள். ஊருக்குக் கிளம்புமுன் சமையலறையில் அம்மாவிடம்தான் ஒத்திகை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். ஒரே ஒரு தரம், மறைப்புக்குள் நின்று போட்டது நிஜமாகவே வெளியே தெரியாதா என்று விசாரித்தாள். கடவுளே வந்து கேட்டாலும் தெரியாது என்று இவள் சொன்னாள்.

இன்று உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடிகாரக்காரர் மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைக் குடைந்துகொண்டிருந்தார்.

"மாமா, யாருக்குப் போட்டீங்க?"

லென்ஸ் கழன்று அவர் மடியில் விழுந்தது.

அவள் அப்பா நகராட்சித் தேர்தலில் நின்றிருந்தார். நேற்று ஓட்டு எண்ணினார்கள். ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனார்.

வாக்குச்சாவடி மூடப்போகும் நேரத்தில், கால் ஒடிந்து கிடந்த கடிகாரக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான். நான் ஒருத்தன் போடாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று அவர் முரண்டு பிடித்தார். முழுகும் மாமா என்று சொல்லித்தான் கிளப்பினாள். வாசலில் நின்ற அப்பா அதைக் கண்ணாரப் பார்த்தார்.

அதே கடிகாரக்காரரின் நடைபாதைக் கடையைத்தான் அப்பா போன வருடம் ஆள் வைத்துத் தூக்கி எறிந்திருந்தார். ஆக, அந்த ஓட்டு எங்கே விழுந்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்று சித்தப்பா அவள் முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்பாவின் கோபம் ஊருக்குத் தெரியும். அது கையில் இறங்குவது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். காலையில் அவள் துணிமணிகளை வாரித் தெருவில் எறிந்தார். "அவன் யாருக்குப் போட்டான்னு கேட்டுட்டு வா. எனக்குப் போடலைன்னா இந்த வாசப்படி மிதிக்காதே."

அம்மாதான் தெருவில் குனிந்து துணிகளைப் பொறுக்கி மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

கடிகாரக்காரர் லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நீயா இதைக் கேக்கறே?"

"நான்தான் கேக்கறேன் மாமா. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஒரு வருடம் கட்டிக்காத்த வார்த்தை ஒரு நொடியில் பறிபோன வெட்கமும் சேர்ந்து, நின்ற இடத்திலேயே விசித்து அழுதாள்.

"அழாதே. உங்கப்பா என் கடையை எறிஞ்சது வாஸ்தவம். ஆனா இந்தத் தெருவுக்குத் தண்ணிக் குழாய் கொண்டுவந்ததும் அந்த மனுஷன்தான். அவருக்குத்தான் போட்டேன்."

"நான் ரெண்டு நாளா கேக்கறேன், என்கிட்ட மூச்சு விடல" என்றாள் மனைவி.

"நீ அழுதுட்டா கேட்டே?"

வேண்டுமானால் ஊன்றுகோலோடு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன் என்றார் அவர். பொய் சொல்லித் தப்பிக்கிற ஆள் அல்ல அவர் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

அவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியிருந்தது. தெருமுனை மாவுமில் ஓரமாக, கடைக்குப் போகிறவள்போல வெறும் பையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த ஓட்டு அப்பாவுக்குத்தான் விழுந்ததாம், கடிகாரக்காரரே நேரில் வந்து சொல்லப்போகிறாராம். வா, உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அம்மா நகரவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மகளின் கையை அழுத்திப் பிடித்து, மில் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சொல்லிடாதேடி. அடுத்து என்னைக் கேப்பாரு. எனக்குப் பொய் சொல்ல வராது."