கிழிந்த தோட்டாக் கூடுகள்

"ஒரே தடவ சுட்ட காலித் தோட்டாக் கூடுன்னுதானே வித்த, ஓரின்? மூணாவது தடவ வெடிமருந்து அடைக்கும்போதே கூட்டோட வாய் கிழியுது!"

"நல்ல கூடுப்பா. ஏழெட்டு தடவ தாங்கும்."

"அப்ப பழைய கூட்ட ஏமாத்தி வித்திருக்க. நீ திருடன்."

நெப்ராஸ்காவில், துப்பாக்கி கிளப்பில் எல்லோர் முன்னும் நண்பனை மடக்கியதைச் சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொன்னான் வெர்லின். மனைவி லவோன் தலைகுனிந்தாள். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டியபோது சட்டை விலகியது. தோளில், துப்பாக்கி உதைத்து அவனுக்கும் கன்றிப்போகும் அதே இடத்தில், நீலத் திட்டு.

வெர்லினின் முகம் சுண்டிப்போனது.

"நீ வேலைக்குப் போனதும் உன் தோட்டாவ எடுத்து சுட்டுப் பழகுவேன். காலிக் கூட்டுல திரும்ப மருந்தடைச்சு உன் பெட்டியிலயே வச்சிடுவேன். அதான் கூடு சீக்கிரம் கிழிஞ்சிருக்கு. ஓரின்கிட்ட நானே சொல்றேன்," என்றாள். "இத்தனை வருஷமா கேக்க வெக்கமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போறியா?"