விதைக்கு விட்ட கதிர்

ஆரோக்கியசாமி அண்ணன் இரண்டு கடி கடித்த பிறகுதான் அவன் அதைப் பார்த்தான்.

தட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி.

மாடித் தோட்டத்தில், யாரும் தொடக்கூடாது என்று விதைக்கு விட்டிருந்த ஒரே கதிரில் அவன் கட்டிவைத்த துணி.

மற்ற கதிர்களை எல்லாம் அணில்கள் பார்த்துக்கொண்டன. அவன் ஒரு மணிகூட வாயில் போட்டதில்லை.

கடையில் விற்கிற ஒட்டுரகமா அது? அண்ணனின் குடும்பம் மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் நாட்டு இனிப்புச் சோளம். ஆளைப் பார்த்துத்தான் விதை கொடுப்பார். இவனைப் பார்த்துக் கொடுத்திருந்தார், பாவம்.

தொட்டியில் நிற்கும் நாலைந்து செடிக்குக் காற்றை நம்ப முடியாது. அதனால் மகளின் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து, ஆண்பூவின் தூளைத் தொட்டுத் தொட்டுக் கதிர்க் குஞ்சத்தில் இவனே தடவினான். பக்கத்து மாடிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று தடவினான்.

இப்போது அந்தக் கதிர் உப்புப் போட்டு வெந்து, ஆவி பறக்க அண்ணன் கையில் இருந்தது.

அவன் தமயந்தியைப் பார்த்துக் கண்ணை உருட்டினான்.

மனைவிக்குச் சாடை புரிந்தால்தானே?

“ஏன் முழிக்கிறீங்க? அண்ணன் வர்றார், அண்ணன் வர்றார்னு ஒரு வாரமா ஒரே குதி. அவருக்குன்னுதானே துணி கட்டி வச்சீங்க? அதான் பறிச்சு அவிச்சேன்.”

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காகவா தம்பி?”

ஆமாம் என்று தலையாட்டினான். வேறு எப்படி ஆட்டுவது?

அண்ணன் மூன்றாவது கடியை ஆசையாகக் கடித்தார். மென்றுகொண்டே வந்த விஷயத்துக்கு வந்தார்.

“இந்த வருசம் பன்னி பூந்து மொத்தத்தையும் அழிச்சிருச்சு தம்பி. வீட்ல பொட்டு விதை இல்ல. நீங்க எப்படியும் ஒரு கதிராவது விதைக்கு விட்டிருப்பீங்கன்னுதான் பஸ் ஏறுனேன்.”

அவன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணனும் தன் கையைப் பார்த்தார்.

மெல்லுவது நின்றது.

வெந்த மணி முளைக்காது. இருவருக்கும் தெரியும்.

“சட்னி ஏதாச்சும் வைக்கவா அண்ணே?” என்றாள் தமயந்தி.

அண்ணன் மீதிக் கதிரை இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை அவன் பக்கம் நீட்டினார்.

வாங்கிக் கடித்தான்.

அநியாயத்துக்கு இனித்தது.