தவணைன்னு சொல்லுங்க

“ரொக்கமா கொடுத்தாச்சு. யாருக்கும் ஒத்தைப் பைசா பாக்கி கிடையாது, போதுமா?”

நான்கு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் கணவன் இதைச் சொல்லிவிட்டான். அவள் இன்னும் எதுவும் கேட்கவேயில்லை.

சாப்பாட்டு மேஜைமேல் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து அவன் வெளியே எடுத்த லென்ஸ் முழங்கை நீளம் இருந்தது. பறவைகளைப் படம் எடுக்கிறவர்கள் ஏங்கும் லென்ஸ். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு வருவான். விலை அவளுக்கும் மனப்பாடம். அவனுடைய ஆறு மாதச் சம்பளம்.

“மொத்தமும் ரொக்கமாவா?”

“பின்னே? தவணையில வாங்கினா நீ சும்மா விடுவியா?”

விடமாட்டாள்தான். அவளுடைய அப்பா கண்டவரிடமெல்லாம் கடன் வாங்கியவர். யாராவது கதவைத் தட்டினால், ‘அப்பா வீட்ல இல்லை’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் அவள். கல்யாணத்துக்கு முன்னால் இவனிடம் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றைத்தான். கடன் மட்டும் வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் இப்போது அவள் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கணக்கு இடித்தது.

“ஏங்க, போன வாரம் கரண்ட் பில்லுக்கு என்கிட்டதானே கை நீட்டினீங்க?”

“அது வேற. இது கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வச்சது.”

“எங்கே சேர்த்தீங்க? எனக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு குண்டூசிகூடக் கிடையாதே.”

“ஆபீஸ்ல... மேஜை டிராயர்ல.”

“பில்லைக் காட்டுங்க.”

“பேப்பர் பில்லெல்லாம் இப்ப யார் தர்றா? மெயில்ல வரும்.”

லென்ஸின் மூடியைத் திருகிப் பொருத்தினான். மறுபடி கழற்றினான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மேல்வீட்டு டீச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தவர், திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றார்.

“பொருளாளர் சார், லிப்ட் மோட்டார் என்னாச்சு? லிப்ட் வர்றதுக்குள்ள நான் ஒரேயடியா மேலே போயிடுவேன் போலிருக்கே!”

“ஆர்டர் போட்டாச்சு டீச்சர். அடுத்த வாரம் வந்துடும்.”

“கம்பெனியில கணக்கு எழுதற மனுஷன்னு நம்பித்தான் மொத்தப் பணத்தையும் உங்க கையில கொடுத்திருக்கோம்” என்று சிரித்தபடி டீச்சர் அடுத்த படியில் கால் வைத்தார்.

அவள் கதவைச் சாத்தினாள். புது மோட்டார் வாங்க இந்தக் கட்டடத்தின் எல்லா வீட்டிலும் வசூல் செய்த பணம். கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு, நீலக் கட்டம் போட்ட துணிப்பையில் வைத்து, பீரோவில் பூட்டியதே அவள்தான்.

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“பையைக் காணோம்.”

“பாங்க்ல போட்டுட்டேன். அவ்வளவு பணம் வீட்ல இருக்கக் கூடாதுன்னு நீதானே நச்சரிச்சே?”

நச்சரித்தது உண்மைதான்.

“என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

அவன் லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் தூசியே இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க பாருங்க. எங்கப்பாவுக்காவது கடன்காரன்ங்கிற பேரோட போச்சு. நமக்கு வேற பேரு வைப்பாங்க. இந்தப் படியில நான் எப்படி ஏறி இறங்குவேன்? கடனுக்கு வாங்கியிருந்தா கடன்னு சொல்லிடுங்க. சத்தியமா திட்ட மாட்டேன். அந்தப் பணத்துல கை வைக்கலைன்னா எனக்குப் போதும். தவணைன்னு சொல்லுங்க.”

அவன் நிமிர்ந்து அவளையே பார்த்தான். பிறகு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டான்.

“தவணைதான்” என்றான். “நீ கத்துவேன்னு பயந்து ரொக்கம்னு சொல்லிட்டேன்.”

“நிஜமாவா?”

“நிஜமா. ரெண்டு வருஷத் தவணை.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவா இந்தப் பாடு படுத்தினீங்க? உயிரே போயிடுச்சு. மாசம் எவ்வளவு?”

அவன் கொஞ்சம் யோசித்து ஒரு தொகையைச் சொன்னான்.

“சரி, லேப்ல சனிக்கிழமை டூட்டியும் நானே கேட்டு வாங்கிக்கறேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து அடைச்சுடலாம். போங்க, போய் உங்க காக்கா குருவியைப் படம் பிடிங்க.”

அவன் பால்கனிக்குப் போனான். அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். பால்கனியிலிருந்து கேமராவின் கிளிக் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அதுகூடக் காதுக்கு இதமாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கேமரா கடையின் சீருடை போட்ட ஒருவர், சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தோளில் நீளமான உறை ஒன்று தொங்கியது.

“சார் வீடுதானே? கேமரா ஸ்டாண்டை அவசரத்துல கடையிலேயே விட்டுட்டு வந்துட்டார். இலவசம்தான், காசு வேண்டாம்.”

“பரவாயில்லையே! தவணையில வாங்கறவங்களுக்குக்கூட இலவசம் தர்றீங்களா?”

“தவணைக்கு ஏதும்மா இலவசம்? மொத்தமும் ரொக்கமாக் கட்டினா மட்டும்தான். சார் கொண்டுவந்த நோட்டை எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கு விரலே தேஞ்சு போச்சு. இந்தாங்க, பையையும் மறந்துட்டார்.”

நீலக் கட்டம் போட்ட துணிப்பை, காலியாக, நாலாக மடித்திருந்தது.

பால்கனியில் கிளிக் சத்தம் நின்றுவிட்டது.

அவர் சட்டைக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அது சரி, உங்க லிப்ட் எப்பம்மா சரியாகும்?”