மிதக்காத ஒயில்

மெக்கானிக் வாஹித் தன் கடை மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்தார். பக்கத்தில் புது பிரேக் ஒயில் டின் ஒன்றையும் தயாராக வைத்தார்.

நான் சட்டைப்பையிலிருந்த மருந்துப் போத்தலை நீட்டினேன். அதற்குள் என் நாற்பது வயது மொரிஸ் மைனரின் பிரேக் ஒயில் இருந்தது. அந்தக் காரில் ஒயில் ஊற்றும் மூடி, ஓட்டுகிறவரின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே இருக்கிறது. காலையில் என் பக்கத்து விரிப்பைத் தூக்கி, சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் ஊசி போட்ட கைக்கு அது பெரிய வேலையில்லை.

காருக்கு வந்திருக்கும் வியாதிதான் பெரியது.

நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு இறங்கும்போது, முனியாண்டி கல் இருக்கும் வளைவில், நான் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொள்கிறது. மூன்று மாதமாக இப்படித்தான். கார் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிடும். போன கிழமை, பின்னால் வந்த கொழுந்து லொறி மயிரிழையில் ஒதுங்கியது.

கொழும்பிலிருக்கும் மகன் கிஷாந்தனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பிரேக் சரிவராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை விற்றுவிடுவானாம். உயிரா காரா என்று தொலைபேசியில் கேட்டான். நல்ல கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெரியாயி, முனிக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னாள். உடைத்தேன். முனி தேங்காயை வாங்கிக்கொண்டார், காரை விடவில்லை.

வாஹித் முனியை நம்பமாட்டார், ரப்பரை நம்புவார். பழைய கார்களில் பிரேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை ஊற்றிவிடுகிறவர்கள் உண்டாம். ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிப்போகும். இறக்கத்தில் மிதித்து மிதித்து வர, ஒயில் சூடேறி, திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக்கை இறுக்கிவிடும். ஒரே இறக்கம் என்பதால் நிற்கும் இடமும் ஒன்றுதான். ஆறினால் விட்டுவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"சரியான ஒயில்னா தண்ணியில கரைஞ்சிரும், டாக்டர். மிதந்தா கலப்படம். ரப்பரையும் ஒயிலையும் மாத்திட்டா, இனி அந்த வளைவுல நிக்கவே நிக்காது."

இனி நிற்கவே நிற்காது.

போத்தலைக் குவளைக்குள் சாய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, மிதக்கக் கூடாது என்று வேண்டினேன். எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள்.

வாஹித் குவளையைக் கலக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு புது டின்னை எடுத்துத் திரும்பவும் அலமாரித் தட்டிலேயே வைத்தார்.

"ஒயில்ல ஒரு கொறையும் இல்லையே. அப்ப யாரு மிதிக்கிறது?" என்று பகடியாகக் கேட்டார்.

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வளைவு வந்தாலே என் மனைவி யோகம்மா இடப்பக்க இருக்கையில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மெதுவாய்ப் போங்கோ என்று சொல்லிக்கொண்டே, அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவாள். நான் கேலி செய்வேன். அவளுடைய குதிகால் அழுத்தி அழுத்தியே அந்தப் பக்கத்து விரிப்பு ஓட்டையாகிவிட்டது.

அவள் போன முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, அந்த ஓட்டையைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டு பக்கமும் புது விரிப்புப் போட்டேன். அது மூன்று மாதத்துக்கு முன். அதன்பிறகு அந்த இருக்கையில் யாரையும் நான் ஏற்றியதில்லை.

குடையை விரிக்காமலே, மழையில் நனைந்துகொண்டே இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

புது விரிப்பு, குதி படும் இடத்தில், தேயத் தொடங்கியிருந்தது.

கிஷாந்தனுக்கு என்ன சொல்வதென்று இப்போது தெரிந்தது. ஆள் இருக்கிற காரை எப்படி விற்பது?