படகு எத்தனை மணிக்கு?

ஏணி சரிந்து விழுந்த சத்தம் கேட்டபோது கம்சிகா பதறவில்லை. அவள் கையில் போன் இருந்தது.

பதினைந்து அடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றபடி கீழே எட்டிப் பார்த்தாள். ஏணி வேலியோரம் கிடந்தது. தொட்டியடி முழுக்க உடைந்த முருகைக்கற்கள், கூரான பவளப்பாறைத் துண்டுகள். குதித்தால் கால் மிஞ்சாது. அம்மாவும் அப்பாவும் கலியாண வீட்டுக்கென்று காலைப் படகில் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். இன்று வியாழன்.

கையில் இருந்தது அவளுடைய சொந்தப் போன் அல்ல. அனலைதீவுக்கே படகு நேரம் சொல்லும் போன். யார் அழைத்தாலும் இரண்டாவது மணியோடு தானாக எடுத்து, ஊர்காவற்றுறைக்கு அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். திரை செத்துப்போய் அப்பா எறியச் சொன்ன போன் அது. இணையத்தில் யார் யாரோ எழுதி, எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று விட்டிருந்த திறந்த மூல மென்பொருளை அதற்குள் ஏற்றி, கம்சிகா தனியாக இருந்து செய்தது. தொட்டிக்கு மேல்தான் சிக்னல் ஒழுங்காக வரும் என்பதால், ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்து இங்கே கட்டியிருந்தாள்.

சார்ச் வயர் காற்றில் அறுந்துவிட்டது என்றுதான் இன்று ஏறினாள். மிச்சம் எவ்வளவு சார்ச் இருக்கிறது என்று பார்க்கத் திரை இல்லை. யாரையும் அழைக்கவும் வழியில்லை. ஆனால் போனின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அமத்தினால், வருகிற அழைப்பைத் தானே எடுக்கலாம். ஒரு நாளைக்கு நாற்பது பேராவது அழைப்பார்கள். ஒருவரிடம் சொன்னால் போதும்.

அதற்கு முன் கத்திப் பார்த்தாள். பக்கத்து வீடு இரண்டு பனங்காணி தள்ளி இருந்தது. காற்றோ கடலைப் பார்த்து வீசியது. மற்றப்படியும் அது கத்திப் பழகிய தொண்டை அல்ல. கடையில்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். ஊர் 'மெசின்' என்று அழைக்கிற இந்தப் போனுக்குக் குரல் பதிந்து கொடுக்க மட்டும் வாய் திறந்தாள், அதுவும் அறைக் கதவைப் பூட்டிவிட்டு.

ஊருக்கு மெசினைப் பிடித்துப்போயிற்று. "அசல் ஆள் கதைக்கிற மாதிரியே இருக்கு" என்றார்கள். அந்த உற்சாகத்தில் வாராவாரம் ஏதாவது புதிதாகச் சேர்த்தாள். போன வாரத்திலிருந்து அது "சாப்பிட்டிட்டீங்களோ?" என்றும் கேட்டது.

போன் அடித்தது. உடனே பொத்தானை அமத்தினாள்.

"ஹலோ, நான் கம்சிகா! எங்கட தண்ணித் தொட்டிக்கு மேல நிக்கிறன். ஏணி விழுந்திட்டுது. ஆரும் வாங்கோ!"

"ஓமோம், கம்சிகான்ர மெசின் எண்டு தெரியும்." தம்பிராசா அண்ணையின் குரல். "நேரத்தைச் சொல்லும் பிள்ளை, நான் பாங்குக்குப் போகவேணும்."

"அண்ணை, நான் மெசின் இல்லை…"

"முந்தி டக்கெண்டு சொல்லும். இப்ப இதுக்கும் வாய் கூடிப்போச்சு." வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பு சறோஜினிதேவி ரீச்சர். ஐந்து வருடம் கம்சிகாவுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர். அவசரப்படாமல் முழுவதையும் கேட்டார்.

"பிள்ளை கெட்டிக்காரிதான், உணர்ச்சியெல்லாம் போட்டுச் செய்திருக்கிறாள்," என்றார் தனக்குத்தானே. "ஆனா படகு நேரத்தை விட்டிட்டாளே. கண்டால் சொல்லவேணும்."

அந்த ஐந்து வருடத்தில் வகுப்பில் ஒருநாளாவது கை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று கம்சிகாவுக்கு இப்போது தோன்றியது.

வெயில் ஏறியது. சீமெந்து சுட்டது; கால் மாற்றிக் கால் வைத்தாள். மென்பொருளில் பிழை என்று நாலு வரி எழுதிப் போட்டால், பிறேசிலில் இருந்து முகம் தெரியாத ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் திருத்தி அனுப்புகிறார். கீழே கிடக்கிற ஏணியை நிமிர்த்த இந்தத் தீவில் ஒருவரைக் கூப்பிட முடியவில்லை.

கால் சூட்டில் கவனம் போயிருந்த நேரம் மூன்றாவது அழைப்பு வந்தது. பொத்தானைத் தேடுவதற்குள் மெசின் முந்திக்கொண்டது. "வணக்கம். சாப்பிட்டிட்டீங்களோ? அடுத்த படகு நாலரைக்கு." அவளுடைய குரலேதான். எவ்வளவு ஆறுதலாகக் கதைக்கிறது!

நான்காவது அழைப்பை முதல் மணியிலேயே பிடித்தாள். இறங்குதுறைக் கடை யூலியானா அக்கா.

"அக்கா, வைக்காதேங்கோ! நான் மனுசி! நம்பாட்டி ஏதும் கேளுங்கோ, மறுமொழி சொல்லுறன்!"

"அட, கேள்வியும் கேக்கலாமாம். சரி, நான் ஆர் சொல்லு பாப்பம்?"

"கடைக்கார யூலியானா அக்கா!"

"என்ர மாதாவே, என்னையும் தெரிஞ்சு வைச்சிருக்கு!"

கம்சிகாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து வெளியாள் எவர் முன்னும் அழாதவள், போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"கால் வேகுதக்கா… சார்ச்சும் முடியப்போகுது… ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னால ஏலாதக்கா… ஆரையாவது அனுப்புங்கோ…"

யூலியானா அக்கா வைக்கவில்லை. அவசர அவசரமாகப் புருசனைக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ, போட்டது போட்டபடி விட்டிட்டு ஓடி வாங்கோ!"

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. கம்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"இதைக் கேளுங்கோவன், மெசின் இப்ப அழவும் பழகீட்டுது!"